மொய் நோட்டிலிருந்து தொடங்கும் வேளாண்மை: ஆண்டிஸ் மலைமக்களின் முறைகளைச் செட்டிநாட்டுச் செம்மண்ணில் கூடிச் செய்யும் வழி

ஒரே கண்மாயின் கீழ் நிலம் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, இரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் விட்டுவிட்டு, மண்ணையும் நீரையும் மரங்களையும் சேர்த்தே மீட்க வேண்டுமென்று முடிவு செய்தால், எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் பக்கத்துச் செம்மண் காடும் சரளை மேடும்தான் என் மனத்தில் இருக்கின்றன. ஆனால் வழிகளில் பலவற்றைத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் கெச்சுவா, அய்மாரா உழவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். மழை குறைவு, மண் மெலிவு, இளைஞர்கள் வெளியூர் சென்றுவிட்ட வீடுகள் என்று நமக்குள்ள இடர்கள் அவர்களுக்கும் உண்டு. அவற்றுக்கு நடுவிலும் அவர்கள் கூட்டு உழைப்பைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உயிராற்றல் வேளாண்மை என்று நாம் சொல்லும் பயோடைனமிக் முறை ஆண்டிஸில் பிறந்ததன்று. 1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அன்று ஜெர்மனியில் இருந்ததும் இன்று போலந்தில் இருப்பதுமான கோபர்விட்ஸ் என்னும் ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய எட்டு விரிவுரைகளிலிருந்து அது தோன்றியது. ஆண்டிஸ் மலைமக்களின் வேளாண்மை அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. பண்ணையைத் தனக்குத்தானே உணவிட்டுக்கொள்ளும் ஓர் உயிராகப் பார்ப்பதில் இரண்டும் ஒத்துப்போவதால், இன்று பலர் இரண்டையும் இணைத்துச் செய்கிறார்கள். இணைப்பது நல்லதுதான். ஆனால் எது எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் இணைத்தால், சாணம் அடைத்த மாட்டுக்கொம்பைப் புதைப்பதே வேலை முழுவதும் என்று எண்ணிக் கூட்டு உழைப்பை மறந்துவிடுவோம். என் அனுபவத்தில் பெரும்பாலான குழுக்கள் இடறி விழுந்தது இந்த இடத்தில்தான். ஆகவே இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன்: முதலில் ஆள், பிறகு நீர், அதன் பிறகு மரமும் மண்ணும், கொம்பு எல்லாவற்றுக்கும் பின்னால்.

ஆள் நோட்டு

ஆண்டிஸ் ஊர்களில் 'அய்னி' என்றொரு வழக்கம் உண்டு. இன்று உங்கள் நிலத்தில் நான் ஒரு நாள் உருளைக்கிழங்கு தோண்டினால், என் நிலத்துக்கு வேலை வரும்போது நீங்கள் ஒரு நாள் வந்து தோண்டித் தர வேண்டும். பணம் இடையில் வராது. வேலைக்கு வேலை, நாளுக்கு நாள் என்பதே கணக்கு. ஊர்ப் பொதுவான வாய்க்காலையும் பாதையையும் எல்லாரும் கூடிச் செய்வதை 'மிங்கா' என்கிறார்கள். அங்கே வேலைக்கு வருபவர்களுக்குச் சாப்பாடும் குடிக்கப் பானமும் உண்டு. நம் பக்கத்திலும் மாற்றாள் வேலை இருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்கள் ஒருவர் வயலுக்கு ஒருவர் சென்றுவந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கூலியும் எந்திரமும் வந்த பிறகு அது மறைந்தது.

அதை மீட்பதற்கு நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது; அதுதான் மொய் நோட்டு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். கொடுத்தவர் பெயர், ஊர், தொகை மூன்றும் எல்லார் முன்னிலையிலும் எழுதப்படும். திருப்பிச் செய்யும் முறை வரும்போது அந்த நோட்டைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அதே முறையில் தொகைக்குப் பதில் உழைப்பை எழுதும் ஓர் 'ஆள் நோட்டு' போடுவதுதான் குழுவின் முதல் வேலை. தேதி, வந்தவர் பெயர், யாருடைய நிலம், என்ன வேலை, முழு நாளா அரை நாளா என்று ஐந்து பத்திகள் போதும். அன்றைய வேலை முடிந்ததும் வரப்பில் உட்கார்ந்தே எழுதிவிட வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதும் நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் பக்கம் எழுதுவதற்கு முன் சில முடிவுகளைக் கூடிப் பேசி எடுத்தாக வேண்டும். பெண் ஒருவர் நடவு நட்ட ஒரு நாளும் ஆண் ஒருவர் வரப்பு வெட்டிய ஒரு நாளும் நோட்டில் ஒரே ஒரு நாளாகத்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் கூலிச் சந்தையில் இருக்கும் ஏற்றத்தாழ்வை இங்கேயும் கொண்டுவந்தால் பெண்கள் இரண்டாம் மாதத்தில் வராமல் நின்றுவிடுவார்கள். டிராக்டர் ஒரு மணி நேரம் ஓடினால் அது எத்தனை ஆள் நாளுக்குச் சமம் என்பதையும் அன்றே தீர்த்துவிட வேண்டும். கூட்டத்தில் ஒருவருக்குள்ள குரலுக்கு அளவாக நிலத்தை வைக்காமல் வீட்டை வைப்பது நல்லது. நகரத்தார் தங்கள் கோயில் காரியங்களில் மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு கணக்கிடுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அரை ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரு புள்ளி, பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரு புள்ளி என்று வைத்தால் கூட்டத்தில் பேச்சு நேராக இருக்கும்.

நிலமே இல்லாத குடும்பங்களை என்ன செய்வது என்பதுதான் மிகக் கடினமான கேள்வி, அதை ஒத்திவைக்கக் கூடாது. ஆண்டிஸில் 'மிட்டா' என்ற முறைவேலை முதலில் ஊரும் அரசும் ஒன்றுக்கொன்று கைமாறு செய்யும் ஏற்பாடாகவே இருந்தது. ஸ்பானிய ஆட்சி வந்தபின், 1570களில், அதே பெயரில் உழவர்களைப் பொட்டோசி வெள்ளிச் சுரங்கங்களுக்குக் கட்டாயமாக அனுப்பினார்கள். நம் ஊரிலும் பொதுவேலை என்ற பெயரில் சில சாதியார் மட்டுமே கூலியில்லாமல் உழைத்ததை 'வெட்டி' என்ற சொல் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறது. நிலமுள்ளவருக்கு மட்டும் உழைப்பு திரும்பி வரும் நோட்டு இன்னொரு வெட்டியாகத்தான் முடியும். ஆகவே நிலமில்லாதவர் போட்ட நாள்களுக்குக் களத்திலேயே நெல்லாகவோ வரகாகவோ அளந்துவிட வேண்டும்; கண்மாய் மீன் ஏலத்திலும் கரை மரங்களின் பலனிலும் அவர்களுக்குப் பங்கு என்று முதல் பக்கத்திலேயே எழுதி, எல்லாரும் கையொப்பமிட வேண்டும். நோட்டை வைத்திருக்கும் பொறுப்பையும் ஆண்டுக்கொரு வீடாக மாற்றி, நிலமில்லாத வீட்டிலிருந்து அந்த முறையைத் தொடங்குங்கள்.

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. உரியவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, நிலம் தரிசாகக் கிடக்கிறது. அத்தகைய நிலத்தை வாய்ப்பேச்சில் ஓராண்டுக்கு வாங்கி உழைக்காதீர்கள். மண் தேறுவதற்கே மூன்று ஆண்டுகள் ஆகும். குறைந்தது ஆறு ஆண்டுகளுக்கு எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு, வாரமா குத்தகையா என்பதையும், நட்ட மரங்கள் யாருக்கு என்பதையும் அதில் தெளிவாகக் குறித்துவிடுங்கள்.

நீர் வரும் வழி

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை, குழுவினர் எல்லாரும் கண்மாயின் உபரிநீர் வெளியேறும் கலுங்கிலிருந்து புறப்பட்டு, கரையையும் மடைகளையும் பார்த்து, நீர் தேங்கும் உள்வாயைக் கடந்து, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தொடங்கும் மேட்டுக்காடு வரை நடக்க வேண்டும். அந்தக் கண்மாய்க்கு நீரை ஊற்றும் மேல்கண்மாய் எது, நம் மறுகால் எந்தக் கண்மாயில் விழுகிறது, வரத்துக்காலில் எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே யாருடைய வேலி உள்ளே வந்திருக்கிறது என்பதையெல்லாம் நடந்தபடியே பேசிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் ஊர் மந்தையில் கோலமாவால் தரையில் படம் போட்டால், முதியவர்கள் வந்து திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களைத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் அதைப் பற்றி அன்றே சண்டை போட வேண்டாம். படத்தில் குறித்துவைத்து, கூட்டத்தில் உரியவரை அழைத்துப் பேசிக்கொள்ளலாம்.

பெரு நாட்டில் லிமா நகருக்கு மேலுள்ள மலைகளில் 'அமுனா' என்னும் பழங்கால வாய்க்கால்கள் இருக்கின்றன. ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களுக்கும் முந்தியவை. மழைக்காலத்தில் ஓடையின் பெருக்கைத் திருப்பி, அடிப்பகுதி பூசப்படாத இந்த வாய்க்கால்களின் வழியே மலைச்சரிவில் விடுகிறார்கள். நீர் பாறை இடுக்குகளில் இறங்கி, மெல்ல நகர்ந்து, வறண்ட மாதங்களில் கீழேயுள்ள ஊற்றுகளில் வெளிவருகிறது. உவாமன்தங்கா என்னும் ஊரில் நடந்த, 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நீர் சராசரியாக 45 நாள்கள் நிலத்துக்குள் தங்கி வருவதைக் காட்டியது. மழைநீரை நிறுத்திவைக்காமல் தாமதப்படுத்துவதே அதன் உள்ளறிவு. நம் ஊருணிகளும் இதையே செய்கின்றன: சுற்றிலும் செம்புறாங்கல் படிகள் இருந்தாலும் அடித்தரை வெறும் மண்தான், அதன் வழியே கசியும் நீர்தான் தெருக்கிணறுகளில் இனிப்பாக ஊறுகிறது. இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் பாடம், வரத்துக்காலுக்கும் ஊருணியின் அடிக்கும் சிமென்ட் பூச வேண்டாம் என்பதே. அழகுபடுத்தும் பணி என்று யாராவது நிதியோடு வந்தாலும், கரையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தூர் எடுப்பதற்கு ஏற்ற காலம் கண்மாய் வற்றும் பங்குனியிலிருந்து ஆனி வரை. ஆண்டிஸ் ஊர்களில் வாய்க்கால் துப்புரவு ஒரு திருவிழா; ஒவ்வொரு வீட்டுக்கும் அளந்துவிட்ட நீளம் இருக்கும், இசை இருக்கும், வேலை முடிந்ததும் ஊர்ச் சாப்பாடு இருக்கும். நம் மாவட்டத்தில் வற்றிய கண்மாயில் ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா அதற்குப் பொருத்தமான நாள். திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் வரத்துக்காலைப் புள்ளிக்கு இத்தனை முழம் என்று பிரித்து வெட்டி முடித்துவிட்டால், மீன் பிடித்த கையோடு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம். எடுக்கும் வண்டல்தான் முதல் ஆண்டின் உரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அரசு வகுத்த அளவு. 75 கன மீட்டரை ஓர் ஏக்கர் முழுக்கப் பரப்பினால் முக்கால் அங்குலக் கனம்தான் வரும். சரளை மண்ணுக்கு அது போதும்; ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண் துகள்கள் அந்த முக்கால் அங்குலத்தில் இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரிக்கரையில் 'வாரு வாரு' எனப்படும் மேட்டுப்பாத்தி வயல்கள் உண்டு. பாத்திகளுக்கிடையே ஓடும் கால்வாய் நீர் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் விட்டுப் பயிரை உறைபனியிலிருந்து காக்கிறது, கால்வாய்ச் சேறு பாத்திக்கு உரமாகிறது. 1980களில் ஆய்வாளர்களும் உழவர்களும் சேர்ந்து அவற்றை மீட்டார்கள், விளைச்சலும் நன்றாக வந்தது. பிறகு பல நிறுவனங்கள் கூலியும் விதையும் கொடுத்து அதைப் பரப்பின. கொடுப்பது நின்றதும் அந்த வயல்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. நுட்பம் சரியாக இருந்தும் உழைப்பைத் திருப்பித் தரும் ஏற்பாடு வேரூன்றாததே அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். நமக்கு உறைபனி இல்லை. ஐப்பசி அடைமழையில் நீர் தேங்கும் தாழ்ந்த மூலைகளில் கத்தரி, மிளகாய் போட நான்கடி அகல மேட்டுப்பாத்தியும் இடையே ஓரடி வாய்க்காலும் வெட்டினால் வேர் அழுகல் குறையும். ஆனால் அதை உங்கள் ஆள் நோட்டின் பலத்தில் மட்டுமே வெட்டுங்கள்.

எந்த மரத்தை எடுப்பது, எதை நடுவது

பெருவின் இக்கா பள்ளத்தாக்கில் 'உவராங்கோ' என்றொரு மரம் உண்டு. பாலைவன விளிம்பில் ஆழ வேரோடி, நிலத்தைக் காற்றும் வெள்ளமும் அரிக்காமல் காத்த மரம் அது. பழைய நாஸ்கா மக்கள் அந்தக் காடுகளை அழித்தது அவர்கள் வீழ்ச்சிக்கு ஒரு காரணமென்று தொல்லியலார் கருதுகிறார்கள். இன்று அங்கே அதை நாற்றுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நட்டு மீட்கிறார்கள். அந்த உவராங்கோவின் மிக நெருங்கிய உறவுதான், நம் கண்மாய்களை விழுங்கியிருக்கும் சீமைக் கருவேலம். ஓரிடத்தில் தாயாக இருக்கும் மரம் இன்னோரிடத்தில் வேறாக இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டிஸிலிருந்து எடுக்க வேண்டியது நடைமுறையை மட்டுமே; விதையையும் நாற்றையும் அல்ல. கினோவா என்னும் ஆண்டிஸ் தானியத்தைக் கொண்டுவந்து போடலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுவே. குதிரைவாலியும் வரகும் நம்மிடம் இருக்கின்றன. (நிலக்கடலை ஆண்டிஸின் கிழக்கு அடிவாரத்தில், இன்றைய பொலிவியா, அர்ஜென்டினா எல்லைப் பகுதியில் தோன்றியது, நம் செம்மண்ணுக்கு அது சொந்தமாவதற்குப் பல தலைமுறைகள் ஆயின.)

சீமைக் கருவேலத்தை ஒரே வீச்சில் அழிக்க முயலாதீர்கள். வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளை எழும், வேரோடு பிடுங்கினால்தான் போகும்; பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடந்தால், ஆடு தின்று போட்ட விதைகளிலிருந்து அடுத்த மழைக்கே புதர் வரும். முதல் ஆண்டில் வரத்துக்கால், இரண்டாம் ஆண்டில் கண்மாய் உள்வாய், பிறகு தரிசு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களைக் குழுவில் சேர்த்து, பிடுங்கும் வேலையையும் விறகையும் அவர்களிடமே விட்டால் வேலையும் நடக்கும், ஒரு வாழ்வும் கெடாது. பிடுங்கிய அதே வாரத்தில் அந்த இடத்தில் நட்டுவிட வேண்டும்: கரையின் வெளிச்சரிவில் புரட்டாசியில் பனங்கொட்டை, நீரோரத்தில் மருதமும் நாவலும், மேட்டில் வேம்பு, புங்கம், இலுப்பை, வாகை.

எதை நடுவது என்பதில் ஐயம் வந்தால் அருகிலுள்ள அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். வீரை, உசில், ஆத்தி, காரை, சூரை என்று அந்த மண்ணுக்கே உரிய மரமும் புதரும் அங்கே கத்தி படாமல் நிற்கின்றன. விதையும் அங்கேயே கிடைக்கும், பூசாரியிடமும் ஊராரிடமும் கேட்டுவிட்டு உதிர்ந்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். தைலமரத்தை நட வேண்டாம். ஆண்டிஸ் சரிவுகளிலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து மேடுகளிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தைப் பரப்பியிருக்கிறார்கள். இரண்டு இடத்து உழவர்களும் தண்ணீர் குறைந்துவிட்டதென்ற ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்.

பறவைகளையும் கணக்கில் வையுங்கள். இன்காக்கள் கடற்கரைத் தீவுகளில் எச்சமிடும் பறவைகளைக் கொல்பவருக்கு மரண தண்டனை விதித்திருந்ததாகப் பழைய பதிவு உண்டு. அந்த எச்சம்தான் அவர்கள் மக்காச்சோள வயல்களின் உரம். திருப்பத்தூருக்கு அருகில் 1977இல் சரணாலயமான வேட்டங்குடியில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தண்டனை எதுவுமின்றியே தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் நாரைகளையும் கொக்குகளையும் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த அந்தக் கண்மாய் நீர் பாயும் வயல், உரத்துக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கண்மாயின் நடுவில் உள்ள நாட்டுக் கருவேல மரங்களைப் பறவைக்கென்று விட்டுவைப்பது அதனால் நல்லது. சீமைக் கருவேலத்திலும் கூடுகள் இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுத்து எடுங்கள்.

மண்ணுக்கு உணவு

ஆண்டிஸின் மேட்டு நிலங்களில் ஊர் நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு, அடுத்த ஆண்டு வேறு பயிர், பிறகு சில ஆண்டுகள் ஓய்வு என்று ஊர்க்கூட்டமே முடிவு செய்யும். ஓய்வு நிலத்தில் ஆடுகளும், லாமா என்னும் ஒட்டக இன விலங்குகளும் மேய்ந்து எருவிடும். நம்மிடம் இதற்கு நிகரானது, ஆடுமாடுகளை இரவில் வயலில் அடைத்து எருவிட வைக்கும் கிடை. அறுவடைக்குப் பின் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். இந்த மாவட்டத்துப் புலிக்குளம் மாடுகளும் கிடையில் வளர்பவையே. தனித்தனியாகப் பேசினால் ஓர் இரவு, இரண்டு இரவு என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். குழுவாகத் தை மாதமே கீதாரியிடம் பேசி, மாசியிலிருந்து சித்திரை வரை எந்த வயலில் எத்தனை இரவு என்று வரிசை எழுதிக்கொண்டால் எல்லா வயலுக்கும் எரு சேரும். கீதாரிக்குக் கூலியோடு குடிநீரும் தங்க நிழலும் கொடுக்க வேண்டும். கிடை கிளம்பியதும் மேலாக உழுது மூடிவிடுங்கள். வெயிலில் விட்டால் சிறுநீரின் சத்து காற்றோடு போய்விடும்.

அடுத்து பசுந்தாள் உரம். ஆண்டிஸில் 'தார்வி' என்னும் அவரை இனச் செடி காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. இங்கே கொழுஞ்சி அதே பணியைச் செய்கிறது, மானாவாரி மேட்டில் தானாகவே வளர்கிறது. கோடைமழை கிடைத்ததும் கொழுஞ்சி, சணப்பை, தட்டைப்பயறு, உளுந்து, கம்பு, எள் ஆகியவற்றைக் கலந்து விதைத்து, பூவெடுக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 முதல் 50 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள்.

இந்த மூன்றும், அதாவது வண்டலும் கிடையும் பசுந்தாளும், நடந்த பிறகுதான் உயிராற்றல் முறைக் கலவைகளுக்கு வர வேண்டும். அவற்றில் முதலில் சாணக்குழி உரத்தைச் செய்யச் சொல்வேன். மர நிழலில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி எடுத்துப் பக்கங்களுக்குச் செங்கல் வையுங்கள். அடியில் மண்ணே இருக்கட்டும். 60 கிலோ புதிய நாட்டுப் பசுஞ்சாணத்துடன் பொடித்த முட்டை ஓடு 200 கிராம், பசால்ட் கல்பொடி 200 கிராம் சேர்த்துக் கால் மணி நேரம் நன்றாகப் பிசைந்து குழியில் போட்டு, உயிராற்றல் முறையில் 502 முதல் 507 வரை எண்ணிட்ட மூலிகைக் கலவைகளை விரலால் துளையிட்டு வைக்க வேண்டும். 'யாரோ' (yarrow) என்னும் செடி, கெமோமில் போன்ற அந்த மூலிகைகள் குளிர்ப் பகுதிச் செடிகள், காரைக்குடி வெயிலில் வளராதவை. ஆகவே அவற்றைச் செய்பவர்களிடம் வாங்கிக்கொள்வதே வழி. ஈரச் சாக்கால் மூடி, மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் மண்வாசனையோடு பொலபொலவென்று இருக்கும். ஏக்கருக்கு ஒரு கிலோவை நீரில் கரைத்துத் தெளிக்கலாம். ஒரு குழி முழுக் குழுவுக்கும் போதும்.

கொம்புச் சாண உரம் 500 என்ற எண்ணால் அறியப்படுவது. கன்று ஈன்ற பசுவின் கொம்பில் கறவைப் பசுவின் சாணத்தை இறுக்கி அடைத்து, நல்ல மண்ணில் ஒன்றரை அடி ஆழத்தில் வாய்ப்பக்கம் கீழாக அடுக்கி மூடி, புரட்டாசியில் புதைத்து மாசி, பங்குனியில் எடுக்க வேண்டும். இயற்கையாக இறந்த பசுவின் கொம்பை மட்டுமே பயன்படுத்துங்கள்; ஊரில் யாருக்காவது மன வருத்தம் இருந்தால் இதை விட்டுவிட்டுச் சாணக்குழியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒற்றுமைதான் பெரிது. இடத்தைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். முதல் முறை நாங்கள் ஈரமாக இருக்கட்டும் என்று கண்மாய்க்குக் கீழிருந்த தாழ்ந்த வயலின் மூலையில் புதைத்தோம். உயிராற்றல் முறை பிறந்த நாடுகளில் குளிர்காலத்தில் நிலம் குளிர்ந்தோ உறைந்தோ கிடக்கும். நமக்கு அதே மாதங்கள்தான் பெருமழைக் காலம் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஐப்பசியில் குழிக்குள் நீர் நின்றது, மாசியில் எடுத்த கொம்புகளில் சாணம் மக்காமல் பச்சையாகவே நாறியது. மேடான, நீர் வடியும் இடத்தில், மரவேர் எட்டாத தூரத்தில் குழி எடுங்கள்.

தெளிக்கும் நாளில் ஏக்கருக்கு 25 கிராம் அளவை 13 லிட்டர் மழைநீரில் போட்டு, ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் ஆழ்ந்த சுழி விழுந்ததும், திசையை மாற்றிச் சுழற்ற வேண்டும். இப்படியே மாறி மாறி. தனியாளுக்கு இது களைப்பான வேலை. ஆறு பேர் பத்துப் பத்து நிமிடமாகக் கைமாற்றிக் கலக்கும்போது அதுவே கூட்டத்துக்கு நல்ல நேரமாகிவிடுகிறது. எங்கள் குழுவில் மிகக் கடுமையான பேச்சுகள் அந்த வாளியைச் சுற்றித்தான் தணிந்தன. மாலை வெயில் தாழ்ந்தபின் பெரிய துளிகளாக மண்ணில் விழும்படி தெளித்து, அன்றே தீர்த்துவிடுங்கள்.

இந்தக் கலவைகளின் பயன் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். சுவிட்சர்லாந்தின் தெர்வில் என்னும் இடத்தில் 1978 முதல் நடக்கும் நீண்டகால ஒப்பீட்டுச் சோதனையின் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. இயற்கை முறைகளில் விளைச்சல் வழக்கமான இரசாயன முறையைவிடச் சராசரியாக 20 விழுக்காடு குறைவு. ஆனால் உரமும் ஆற்றலும் 34 முதல் 53 விழுக்காடு குறைவாகச் செலவாயின, மண்ணில் உயிர்கள் பெருகின. இந்தப் பலனில் எவ்வளவு தொழுவுரத்தால் வந்தது, எவ்வளவு கொம்புக் கலவையால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் வலுவான சான்று இல்லை. நிலவின் ஏற்ற இறக்கம் பார்த்து விதைப்பதற்கும் அப்படியே. ஆகவே ஒரு வயலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் தெளித்து, மறுபாதியில் தெளிக்காமல் விட்டு, மண்வெட்டி ஆழத்தில் ஒரு கட்டி எடுத்து மண்புழுவை எண்ணி நோட்டில் குறித்துவாருங்கள். மூன்று ஆண்டுகளில் உங்கள் மண்ணே பதில் சொல்லிவிடும்.

விதையும் வானமும்

குஸ்கோ நகருக்கு அருகில் பிசாக் பகுதியில், சில மலையூர்கள் தங்கள் நிலங்களை ஒன்றாக இணைத்து 'உருளைக்கிழங்குப் பூங்கா' என்ற பெயரில் காத்து வருகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே விளைகின்றன. 2004இல் லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தோடு உடன்படிக்கை செய்து, முன்பு அந்த மலைகளிலிருந்து சேகரித்துப் போன வகைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஒரே வகையை எல்லாரும் போடாமல், உயரத்துக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று என்று சிதறிப் போடுவதுதான் அவர்கள் காப்பீடு.

நம் குழுவும் அப்படியே நிலத்தைப் பார்த்து விதையைப் பங்கிட வேண்டும். மடைக்கு அருகில் நீர் உறுதியாக உள்ள வயல்களில், ஏறத்தாழ ஐந்து மாதம் எடுக்கும் கருப்புக் கவுனி. கவுனியரிசி இல்லாத செட்டிநாட்டு விருந்து இல்லையாதலால் அதற்கு விலையும் உண்டு. கடைமடையில், புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கக்கூடிய சித்திரைக்கார் போன்ற நெல். மேட்டில் வரகோடு துவரை, குதிரைவாலியோடு மொச்சை. எந்த வகையையும் ஒரே வீட்டில் மட்டும் வைக்காமல் குறைந்தது மூன்று வீட்டில் வைத்திருங்கள். விதைநெல்லை நன்கு காயவைத்து, நொச்சி, வேப்பிலையோடு வைக்கோலால் கோட்டை கட்டினால் புழு அண்டாது. முளைப்பாரி போடும்போது ஒவ்வொரு வீடும் தன் சொந்த விதையையே போடட்டும். யாருடைய விதையில் முளைப்புத்திறன் குறைந்திருக்கிறது என்பது விதைப்புக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆண்டிஸ் மக்கள் ஆகஸ்ட் முதல் நாளில் பச்சமாமா என்னும் நிலத்தாய்க்குப் பானம் வார்த்துப் படைக்கிறார்கள். அந்தச் சடங்கை நாம் நகலெடுக்க வேண்டியதில்லை. சித்திரையில் நல்லேர் பூட்டுவதை விடாமல் செய்தால் போதும்.

வானத்தைப் பார்ப்பதில் அவர்களிடமிருந்து கற்க நிறைய உண்டு. ஜூன் பிற்பாதியில், விடியலுக்கு முன், கார்த்திகை மீன் கூட்டம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். நம் அக்னி நட்சத்திரக் காலத்தில் கதிரவனோடு சேர்ந்து மறைந்திருக்கும் அதே மீன்கள்தான் அவை. மங்கலாகத் தெரிந்தால் மழை குறையும் என்று உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போடுவார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் உயரத்தில் படரும் மெல்லிய மேகமே அந்த மங்கலுக்குக் காரணம் என்பதை 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வு விளக்கியது. ஆனால் அதே குறியை இங்கே அப்படியே படித்தால் தவறிவிடும்: எல் நினோ அவர்கள் மேட்டு நிலத்துக்கு வறட்சி கொண்டுவரும்போது, நம் வடகிழக்குப் பருவமழையை அது பெரும்பாலும் கூட்டவே செய்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஆண்டுதோறும் ஒரே நாளில் பார்த்து, ஊராகப் பேசி, விதைப்பை முடிவு செய்யும் பழக்கத்தை. ஒரு மழைமானியைப் பள்ளிக்கூடத்திலோ கோயில் முற்றத்திலோ வைத்து, நாள்தோறும் காலையில் அளந்து, வேம்பு பூத்த நாள், ஈசல் புறப்பட்ட நாள், மேல்கண்மாய் மறுகால் போன நாள் ஆகியவற்றோடு ஆள் நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் விளைச்சல் குறையும் என்பதை எல்லா வீட்டிலும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதனால் ஒரு வீட்டின் முழு நிலத்தையும் உடனே மாற்றாமல், முதலாண்டில் நான்கில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் உழவர்கள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறையில் ஐந்து பேர் சேர்ந்தாலே குழுவாகப் பதியலாம்.

தை அறுவடை முடிந்த பதினைந்து நாளுக்குள் கணக்குக் கூட்டம் போடுங்கள். ஆள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருவர் உரக்கப் படிக்க, வர வேண்டிய நாள், போக வேண்டிய நாள் என்று வீடுவாரியாக ஐந்தொகை போட்டு, நிலமில்லாதவர்களுக்குரிய தானியம் அளந்தாகிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். அளக்காமல் மிச்சம் இருந்தால், மற்ற எந்தப் பேச்சையும் எடுப்பதற்கு முன் அங்கேயே மரக்காலைக் கொண்டுவந்து அளந்துவிட்டு, பிறகு அந்த ஆண்டுக் கிடையின் வரிசையை எழுதத் தொடங்குங்கள்.